வாசலில் கழற்றிய செருப்பு

எங்கள் எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ரூமுக்குள் நுழைகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைப்பார்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், மருந்து பற்றாது. பதினெட்டு வயது முடிந்த கையோடு லீவில் அம்மாவோடு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போன எனக்கு அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

விருதுநகரில் காலேஜ் முதல் நாள். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றினேன். கை தானாகக் கதவு நிலையில் போய் ஒட்டியது.

"ஏலே, இங்கன பாருங்கலே! பிள்ள கோயிலுக்கு வந்திருக்கு!" என்று கத்தினார் ஒரு சீனியர் அண்ணன்.

அன்றிலிருந்து என் பெயர் 'சாமியம்மா'. நான் வந்தால் வராந்தாவில் டிபன் டப்பாவை மணி மாதிரி தட்டுவார்கள். ஒருத்தர் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். செருப்போடு உள்ளே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வீம்பு. அவர்கள் சிரிக்கச் சிரிக்கக் கழற்றினேன்.

ஒரு நாள் மத்தியானம் அந்த அண்ணன் என் செருப்பைத் தூக்கி சன்ஷேடில் போட்டுவிட்டார். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பாதமெல்லாம் கொப்புளம். வீம்பும் அதோடு தீர்ந்தது.

"திங்கக்கிழமையிலருந்து கம்பெனிக்கே போறேன். அங்கன யாரும் சிரிக்க மாட்டாக" என்று பக்கத்து பெஞ்சுக்காரிக்குப் போன் போட்டேன். சாத்தூர்க்காரி, நர்ஸ் மகள், வாயாடி.

"தாராளமாப் போ. நாளைக்கு ஒருநா மட்டும் வந்துட்டுப் போ" என்றாள்.

மறுநாள் காலில் கட்டோடு நொண்டி நொண்டிப் போனேன். வகுப்பு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே அத்தனை பேரும் வெறுங்காலோடு உட்கார்ந்து பல்லைக் காட்டினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. பாடம் எடுக்க வந்த சார் குவியலைப் பார்த்தார், தானும் ஷூவைக் கழற்றினார். ஓட்டை சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

பாதி வகுப்பில் விளையாட்டுப் போட்டி பற்றிச் சொல்ல அந்தச் சீனியர் அண்ணனே வந்தார். ஏதோ யோசனையில் வந்தவர் குவியலைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். வலது உள்ளங்கையை நிலையில் வைத்தார். பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"எந்தக் கம்பெனிண்ணே?" என்றேன்.

"ஆமத்தூர்ப் பக்கம்... சீசனுக்கு மட்டும்" என்றார் மெதுவாக. சார் உட்பட எல்லோரும் சிரித்தோம். அவரும் காது சிவக்கச் சிரித்தார்.

சாயங்காலம் அவர் செருப்பைக் காணோம். நான் எடுக்கவில்லை. ஆனால் சாத்தூர்க்காரியின் பை வழக்கத்தைவிடப் புடைத்திருந்தது. எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஆனால் தார் ரோட்டின் சூடு எனக்குத் தெரியுமே. பையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நொண்டியபடியே அவர் பின்னால் ஓடினேன்.

செருப்பை வாங்கிக்கொண்டவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப வலிக்குதா, ஆத்தா?" என்றார்.

"வலிக்குதுண்ணே" என்றேன். "திங்கக்கிழமைக்குள்ள ஆறிரும். காலேஜுக்கு வரணும்ல."