சூளைமேல் விழுந்த பழி

பீங்கான் பட்டறையில் சூளை பிரிக்கும் நாள் என்றால் அம்சவல்லிக்குத் தலைகால் புரியாது. மண்ணாக உள்ளே அடுக்கிய பொம்மைகள் பளபளவென்று வெளியே வருவதை முதலில் பார்ப்பவள் அவள்தான். விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் அவளாகத் தேடிக்கொண்ட ஒரே சந்தோஷம் அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் அதற்கும் வந்தது வினை. வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் வலி, புருஷனோடு சேர்ந்தால் ரத்தம். மாமியார் ராஜாம்பாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சூளைச் சூடுடி. வேலைய வுட்டு நின்னுடு" என்றாள் மாமியார்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொம்பளைக்கு எது வந்தாலும் இந்த ஊரில் சூடு என்று ஒரே பெயர்தான். அம்சவல்லி வேலையை விட்டாள். வெந்தயம், இளநீர், எண்ணெய்க் குளியல் எல்லாம் ஆயிற்று. மாசக்கணக்கில் சூளைப் பக்கமே போகவில்லை. வலி மட்டும் போகவில்லை. புற்றுநோயாக இருக்குமோ என்று ஒளிந்து ஒளிந்து அழுதாள், பாவம்.

கடைசியில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். சோதனையெல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"கர்ப்பப்பையோட வாய் செவந்து வீங்கியிருக்குதும்மா. கிருமியால வந்தது. சூளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. புத்துநோயும் இல்ல, பயப்படாத. ஆனா உன் வூட்டுக்காரரும் மாத்திரை சாப்பிடணும். அவருக்கு ஒண்ணும் தெரியாமலே கிருமி இருக்கலாம். நீ மட்டும் சாப்பிட்டா திரும்பவும் உனக்கு வந்துடும். சரியாவுற வரைக்கும் தள்ளிப் படுங்க."

புருஷன் கொளஞ்சியப்பன் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். மறுநாள் மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டருகே மாத்திரையை வைத்தாள்.

"நீங்களும் சாப்பிடணுமாம்" என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்.

அவன் முகம் கறுத்துவிட்டது. "நோவு ஒனக்கு, மாத்திரை எனக்கா? நாலு பேரு கேட்டா என்னைய என்னன்னு நெனப்பாங்க?" என்று மாத்திரையைத் தள்ளிவிட்டான்.

அவன் விழுங்காவிட்டால் மறுபடி அதே வலி, மறுபடி அதே பழி. சூளை இனி கனவுதான்.

அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த ராஜாம்பாள் எழுந்து வந்தாள். உருண்டுபோன மாத்திரையைப் பொறுக்கி மகன் கையில் வைத்தாள்.

"உங்கப்பா இருந்த காலத்துலேருந்து எனக்கும் இதே நோவுதான். சூடுன்னாங்க, நானும் நம்புனேன். நான் எந்தச் சூளைக்குடா போனேன்?"

கொளஞ்சியப்பன் தண்ணீர்ச் சொம்பை எடுத்தான்.