மண்டியிடாத கூட்டம்

நாற்பத்தெட்டு வயதுவரை நான் நம்பியது இது: இயேசு பேசப் பேச, மத்தேயு பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். வரி வசூலித்தவர், எழுதிப் பழகிய கை. மலைப்பிரசங்கத்தின்போது “கொஞ்சம் மெதுவா சொல்லுங்க ஆண்டவரே” என்று கெஞ்சியிருப்பார் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

திண்டிவனத்தில் நடந்த விவிலிய வகுப்பில் பாடமெடுத்த பங்குச் சாமியார் அதை உடைத்தார். முதல் நற்செய்தி எழுத்தில் ஏறுவதற்குள் முப்பது நாற்பது வருஷம் ஓடிவிட்டதாம். அதுவரை எல்லாம் வாய்வழிதானாம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். என்னால் முடியவில்லை. முகையூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோவிலில், பெரிய வெள்ளியன்று இயேசு பட்ட பாடுகளின் கதையைப் புத்தகமில்லாமல் சொல்கிறவன் நான்தான்.

திரும்பும் வழியில் விழுப்புரத்தில் மச்சான் வீட்டில் இறங்கிப் புலம்பினேன். என் மனைவியின் அண்ணன். எங்கள் ஊரிலேயே வளர்ந்து, டவுனுக்குக் குடிபோனதும் கோவிலை மறந்தவர். அவருக்கு ஒரே சிரிப்பு.

“எங்க தெருவுல ஒருத்தனுக்கு ஜுரம்னா, சேதி பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள செத்துட்டான்னு சொல்லிக்கினு இருக்கானுங்க. உன் வேதம் மட்டும் எப்படி மாப்ள உருப்படியா வந்திருக்கும்?”

எனக்குக் கோபம் வந்தது.

“பெரிய வெள்ளிக்கு வந்து கேளுங்க மச்சான். கதை பிசகுனா, சொல்றதையே விட்டுடறேன்.”

பேசியது வாய். அது என்னைக் கேட்கவில்லை.

மனுஷன் வந்தேவிட்டார். கூட்டத்தின் நடுவில் கைகட்டி நின்றார்.

எங்கள் ஊரில் கதையின் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கூட்டம் மண்டியிடும். சொல்கிறவன் தப்பினால் யாரும் திருத்துவதில்லை. மண்டியிட மாட்டார்கள், அவ்வளவுதான். சரியாகச் சொல்லும்வரை நிற்பார்கள்.

மச்சானைப் பார்த்த பதற்றத்தில், சீடர் பேதுரு இயேசுவைத் தெரியாதென்று மறுதலித்ததை விழுங்கிவிட்டு நேராகத் தீர்ப்பு சொன்ன பிலாத்துவிடம் போய்விட்டேன். கட்டம் முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிய களைப்போடு வந்த பெண்கள், இடுப்பில் பிள்ளையோடு நின்றவர்கள், முட்டிவலிக்காரர்கள், எல்லோரும் என்னையே பார்த்தபடி நின்றார்கள். வியர்வை காதுக்குள் இறங்கியது. ஆனாலும் உள்ளே ஒரு திமிர் எழுந்தது. பாருங்கள் மச்சான், வதந்தியை இப்படி வழிமறிக்கிற கூட்டத்தை உங்கள் பஸ் ஸ்டாண்டில் காட்டுங்கள்.

அந்த அமைதியில் ஒரே ஒரு குரல், வழக்கத்தை மீறி வந்தது. மச்சானுடையது.

“பேதுரு எங்க மாப்ள? அவர உட்டுட்டியே.”

கதையில் பின்னால் போய்ப் பேதுருவைச் சொன்னேன். கூட்டம் மண்டியிட்டது. பிசகியது நான்தான், கதை இல்லை; சொல்வதை நான் விடவில்லை.