கண்டிக்குப் போகாதவள்

அந்தப் படப்புத்தகத்தைத் திறந்தால் மண்ணெண்ணெயும் புதுச் சப்பாத்துத் தோலும் கலந்தது மாதிரி ஒரு மணம் வரும். வெளிநாட்டு வானொலிகளுக்கெல்லாம் கடிதம் எழுதுவதையே வேலையாக வைத்திருந்த, வாப்பாவின் தம்பியான என் சாச்சாவுக்கு, எண்பதுகளின் தொடக்கத்தில், புடாபெஸ்ட் நகரத்து வானொலிக்காரர் அனுப்பியது அது. டான்யூப் ஆற்றின் ஒரு கரையில் புடா, மறுகரையில் பெஸ்ட், நடுவில் கல்லுச் சிங்கங்கள் காவல் இருக்கும் பாலம். பதினொரு வயதில் நான் எங்கள் ஊரான கல்முனையைத் தாண்டிப் போனதெல்லாம் கிட்டங்கி ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வாப்பாவின் வயலுக்கு மட்டும்தான். ஆனால் அந்தப் பாலத்தில் எத்தனை விளக்குகள் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

தவணை விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனதும், தமிழ் படிப்பித்த சேர், "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொன்னார். வகுப்பில் மற்ற முப்பது பேரும் கண்டிக்குப் போனார்கள். கடையில் விற்ற கட்டுரைப் புத்தகத்தில் அந்த ஒரு சுற்றுலாதான் இருந்தது என்பதால், எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே பூங்காவில் ஒரே பூவை ரசித்து, "களைப்புடன் இல்லம் திரும்பினோம்" என்ற ஒரே வசனத்தில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்திகூடக் கண்டியைக் கண்டதில்லை. நான் புடாபெஸ்டுக்குப் போனேன். மாரி வெள்ளத்தில் பாலம் மூழ்கிக் கிடந்தது என்றும், வாப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடந்தார் என்றும், தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்தபோது என் செருப்பு ஒன்று ஆற்றோடு போய்விட்டது என்றும் இரண்டு பக்கம் எழுதினேன். பாலம் என்றால் மாரியில் மூழ்கத்தானே வேண்டும் என்பது அப்போது என் நினைப்பு.

முப்பது கண்டிக்கும் புள்ளி விழுந்தது. எனக்கு முட்டை. "என்ன புள்ள, பொய் எழுதி வெச்சிரிக்காய்? கண்டிய எழுதிட்டு வா, இல்லாட்டி வெளிய நில்லு" என்றார் சேர். தமிழில் எப்போதும் முதலாவதாக வருகிறவள் நான். அந்தத் தவணைப் பரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் வெளியே போய் நின்றேன். "அவங்க எழுதினது மட்டும் உண்மையா சேர்?" என்று கேட்டதற்காக அடுத்த நாளும் நின்றேன். நாலாம் நாள் வாப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

சேர் என் கொப்பியை எடுத்து, மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்படி உரக்க வாசித்தார். வயலிலிருந்து நேரே வந்த வாப்பா, காலில் சேறு என்று வாசலுக்கு வெளியே நின்றே கேட்டார். தோளில் தூக்கிய இடம் வந்ததும், "அந்த இடம் பொய்யில்ல சேர்" என்றார். "அது நம்மட கிட்டங்கிப் பாலம். செருப்பு போனதும் உண்மதான்."

சிரிப்பு நின்றுபோனது. வாப்பா என் பக்கம் திரும்பினார்.

"கண்டிய எழுதிக் குடுக்கிறயா மகள்?"

"மாட்டன் வாப்பா."

"அப்ப நில்லு" என்று சொல்லிவிட்டு அவர் வயலுக்குப் போய்விட்டார்.

தவணை முடியும்வரை தமிழ்ப் பாடத்துக்கு நான் வெளியேதான் நின்றேன். பரிசு வேறொருத்திக்குப் போனது. அன்றைக்கு அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கண்டியை எழுதவில்லை.

போன வருடம், புடாபெஸ்டில் புலமைப்பரிசில் கிடைத்துப் படிக்கும் என் மகளைப் பார்க்கப் போய், அந்தக் கல்லுச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றேன். ஆறு படத்தில் கண்ட நீலமில்லை, நம் வாய்க்கால் தண்ணீரின் நிறம். பாலமோ எந்த மாரிக்கும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. நான் எழுதியது பிழை என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன், பொய் என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாச்சாவின் படப்புத்தகத்தைச் சுனாமி அவர் வீட்டோடு சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கொப்பி இல்லை, சேர் இல்லை, தோளில் சுமந்த வாப்பாவும் இல்லை. "கொஞ்சம் சிரிங்களன் உம்மா" என்று மகள் படம் எடுத்தாள்.

கல்முனையிலிருந்து கொழும்புக்கு நான் போகும் பஸ் கண்டி வழியாகத்தான் போகிறது. அங்கே தேத்தண்ணிக்கு நிறுத்தினால் எல்லாரும் இறங்குவார்கள். நான் இறங்குவதில்லை.