கருங்கல்மேட்டு ஊற்றும் சூசையம்மா அக்காவும்

சூசையம்மா அக்கா மறைந்த செய்தி வந்தபோது நான் கண்டிச் சந்தையில் போஞ்சிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "மாமா, அம்மா காலையில போயிட்டாங்க. நாளைக்கு அடக்கம், வந்துருங்க" என்றார் தொலைபேசியில் அவருடைய மகன். கையிலிருந்ததைக் குவியலிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் கருங்கல்மேட்டை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹேவாஹெட்டைக்கு மேலே, தோட்ட நிர்வாகம் கைவிட்ட தேயிலை மலை அது. நாற்பது குடும்பங்களுக்கு அதில் காணி கிடைத்தபோது, "தேயிலைய விட்டா நமக்கு என்னா தெரியும்?" என்று ஆண்கள் கையைப் பிசைந்தோம். அக்கா கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். "மண்ணுக்குத் தெரியும். நாம கொத்துனா போதும்" என்றார். மூன்றே வருடத்தில் போஞ்சியும் லீக்ஸுமாகக் காய்கறி ஏற்றிக்கொண்டு தினமும் ஒரு லொறி கண்டிக்கு இறங்கியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

போஞ்சிக் கொடிக்குக் கம்பு வேண்டும். காட்டில் வெட்டினால் வழக்கு. "நாமளே டர்பன்டைன் மரம் நடுவோம், சுருக்கா வளரும்" என்று ஊர்க்கூட்டத்தில் யோசனை சொன்னவர் அக்காதான். யூக்கலிப்டஸைத்தான் எங்கள் மலையில் டர்பன்டைன் என்போம். எல்லோரும் கைதட்டினோம். ஈரம் காயாத இடமென்று, ஊருக்கே தண்ணீர் தந்த ஊற்றைச் சுற்றி நட்டோம். எங்களைவிடப் புத்திசாலிகள் அந்த மலையிலேயே இல்லை என்று நினைப்பு.

மரங்கள் வளர வளர ஊற்று மெலிந்தது. கீழேயிருந்த சிங்கள ஊரார் களவாகத் தண்ணீர் இழுப்பதாக யாரோ கிளப்பிவிட, இளவட்டங்கள் கத்தியும் கம்புமாகப் புறப்பட்டார்கள். அக்கா பாதைக்குக் குறுக்கே நின்றார்.

"அவங்க மேல பழி போடாதீங்க. தண்ணியக் குடிக்கிறது நான் நடச் சொன்ன மரம்."

அதோடு விடவில்லை. தனியாகக் கீழே இறங்கிப்போய், அந்த ஊராரிடமும் அதையே ஒப்புக்கொண்டு வந்தார். மறுநாள் இரண்டு ஊராரும் சேர்ந்து மரங்களை வெட்டினோம்.

டர்பன்டைன் லேசில் சாகாது. வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும். துளிர்த்ததையெல்லாம் அக்கா வாராவாரம் போய் வெட்டினார். ஊற்று திரும்பவில்லை. பாத்திகள் காய்ந்தன, காட்டுப்பன்றி இறங்கியது, ஒவ்வொரு குடும்பமாகக் கண்டிக்கும் கொழும்புக்கும் போனது. நானும் விடைபெறப் போனேன். "ஒன்ன நான் எப்புடி தம்பி நிக்கச் சொல்லுவேன்? பிழை என்னோடது" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏறினேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். மூச்சு வாங்கியது. "தம்பி, ஊத்துல தண்ணி வந்துருச்சு! ஒருக்கா வந்து பாரு." அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். வேலை, மழை என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன்.

மேலே மிச்சமிருந்த மூன்று வீட்டாரும் கீழ் ஊராரும்தான் பெட்டியைத் தூக்கினார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது எல்லோரும் ஊற்றில் கைகால் கழுவினோம். ஒரு காலத்தில் முறை வைத்து, சண்டை பிடித்து வாங்கிய தண்ணீர். இப்போது கேட்பாரில்லாமல், புல் மண்டிய பாத்திகளுக்குள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன்.

வந்து பார்த்துவிட்டேன், அக்கா. பிழை உங்களுடையது மட்டுமல்ல, நம் எல்லோருடையதும்தான். அதை நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.