பஞ்சுக் குவியலில் ஜெயமேரி

இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வந்து விழுந்த பஞ்சு வெதுவெதுப்பாக இருக்கும். பருத்திக்கொட்டை மணம் லேசாக வீசும். அறுபதுகளில் என் அப்பா மேஸ்திரியாக இருந்த, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ‘ஜின்னிங் பேக்டரி’ குடோனில், பங்குனி மாத மதியங்களில், ஓட்டு இடுக்கு வழியே இறங்கும் வெயிலில் பஞ்சுத் துகள்கள் மிதந்துகொண்டிருக்க, அடுக்கிய ‘பேல்’ பொதிகளின் மேலேறி அந்த வெள்ளைக் குவியலில் குதிப்பதுதான் எங்கள் விளையாட்டு. “பஞ்சுல உளுந்தா என்னாயிரப் போகுது? கெணத்துப் பக்கம் மட்டும் போயிராத கண்ணு” என்பாள் அம்மா. கிணறு கொல்லும், பஞ்சு தாங்கும். ஏழு வயதில் எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

அந்த வருடம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஒரு குடும்பம் பேக்டரி வேலைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் மகள் ஜெயமேரிக்கும் என் வயதுதான். வந்த மறுநாளே எங்கள் தோட்டத்துக் கிணற்றுச் சுவரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, நான் அலறியதைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் பஞ்சைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஒற்றைக் காலை மெல்ல வைத்துப் பார்த்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “ஏட்டி, கால் ஊனவே முடியல. இதுல குதிக்காத.” அவர்கள் ஊர்க் கழிமுகத்துச் சேறு ஆளையே உள்ளே இழுத்துவிடுமாம். பஞ்சுக்குப் போய் பயப்படுகிறாளே என்று எனக்கு ஒரே சிரிப்பு. அவளுக்குக் காட்டுவதற்காகவே உயரமான பேலில் ஏறி, சுவரோரமாகப் பஞ்சு ஆழமாகக் கிடந்த இடத்தில் குதித்தேன்.

பஞ்சு தலைக்கு மேல் மூடிக்கொண்டது. இயந்திரச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போயிற்று. எங்கும் வெள்ளை. முதலில் தூக்கம் வருவதுபோல் சுகமாகத்தான் இருந்தது; மூச்சை இழுத்ததும் மூக்கிலும் வாயிலும் பஞ்சு அடைத்தது. உதைக்க உதைக்க இன்னும் கீழே போனேன். அப்போது ஒரு கை துழாவி வந்து என் சடையைப் பிடித்தது.

“உதறாதட்டி! மல்லாக்கச் சாஞ்சுக்கோ, நான் இழுக்கேன்!”

குவியலின் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தே வந்திருந்தாள். நான் வெளியே வந்து இருமி ஓய்ந்தபோது அவளும் அழுதுகொண்டிருந்தாள்; இமையெல்லாம் பஞ்சு. ஓடிவந்த அப்பா, “பஞ்சும் ஆள முழுங்கும்னு இத்தன வருசத்துல எனக்கே தோணலீங்களே” என்று அவள் அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். குடோனுக்குப் பூட்டு விழுந்தது. அன்று சாயங்காலம் ஜெயமேரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, நான் முதன்முதலாகக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான்.

சில வருடங்களில் அவர்கள் கடலுக்கே திரும்பிவிட்டார்கள். பேக்டரி இருந்த இடத்தில் இப்போது மாடி மாடியாகப் பனியன் கம்பெனி. ஊருக்குள் நூல்தான் வருகிறது, பஞ்சைக் காணோம். தெற்கத்திப் பெண்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து பேசிக்கொண்டே இறங்கும்போது, அந்த ‘ஏட்டி’ப் பேச்சைக் கேட்டபடி காய்கறிப் பையோடு நடுரோட்டிலேயே நின்றுவிடுகிறேன், பின்னால் வரும் வண்டிக்காரர் யாராவது “ஓரமா போங்கம்மா” என்று சத்தம் போடும்வரை.