காயில்காரர் கூப்பிட்ட சாட்சிகள்

என் பேத்திக்கு அப்படியே சம்பந்தியின் காது. மேல் மடல் வெளியே வளைந்து, எந்நேரமும் ஒட்டுக் கேட்பதுபோல இருக்கிறது. தொட்டிலைப் பார்த்தாலே எனக்கு வாயெல்லாம் பல். கூடவே அந்த மனுஷனின் நினைப்பும் வந்துவிடுகிறது.

மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் காயில்காரர். கீழே பட்டறை, மேலே வீடு. கருகிய மோட்டாரைப் பிரித்து, எரிந்த கம்பியை உருவிப்போட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றுவார். வார்னிஷ் வாடை மாடிவரை ஏறும். மருமகளாகப் போன புதிதில் என் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சமைத்தாள்.

"போகப் போகப் பழகிடும்மா. செத்துப்போன உன் மாமியாருக்குத்தான் கடைசிவரைக்கும் பழகல" என்பார்.

மூத்த மகன் வேலை கிடைத்து வெளியூர் போனவன், எட்டிப் பார்ப்பதே அபூர்வம். கூடவே இருந்து கை கறுக்க உழைத்தவர் இளையவர், என் மாப்பிள்ளை. காயில்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும், வீடும் பட்டறையும் இளையவருக்கே என்று உயில் எழுத உட்கார்ந்தார். வக்கீலிடம் போகலாம் என்றேன்.

"எதுக்கு சம்பந்தி? நம்ம வீட்டு விஷயத்தைக் காசு குடுத்து ஊருக்குச் சொல்லணுமா?"

இரண்டு சாட்சி வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். நான் பேனாவை எடுத்தேன். எதிர்க்கடைத் தையல்காரரைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டேன்.

"உங்க கையெழுத்து, ஈ மையில விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருக்கும். வேணாம். தையல்காரன், வாயில ஊசி இருக்கிறவரைக்கும்தான் சும்மா இருப்பான். பெத்த பிள்ளையைவிட நம்பிக்கையான ஆள் யாரு?"

இளைய மகனையும் மருமகளையும் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். எல்லோரும் சிரித்தோம்.

அவர் போனபிறகு மூத்தவன் பங்கு கேட்டு வந்தான். உயிலைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடினோம். அவர் படித்துவிட்டு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம கிறிஸ்தவங்க உயில்ல, சொத்து யாருக்கு வருதோ அவங்களே சாட்சி போட்டா, அவங்களுக்கு எழுதினது செல்லாது தம்பி. தெருவுல போறவங்களைக் கூப்பிட்டிருந்தாக்கூட வீடு உங்களுக்குத்தான்."

"எங்கப்பா கையெழுத்துதாங்க அது. எங்க கண்ணு முன்னாடிதான் போட்டாரு."

"வினையே அதுதான் தம்பி."

ஆளுக்குப் பாதி என்றாகிவிட்டது. அண்ணன் பாதியை வாங்க மாப்பிள்ளையால் முடியவில்லை. வீடு கைமாறியது. வாங்கியவர் பட்டறையை இடித்துக் கார் நிறுத்துகிறார். நிறைமாத வயிற்றோடு என் பெண் என் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை இன்னொருவரிடம் கூலிக்குக் காயில் கட்டுகிறார்.

போன வாரம் மூத்தவன் குழந்தையைப் பார்க்க வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அப்பா எழுதினது பொய்யின்னு நான் ஒருநாளும் சொல்லலையே மாமா."

"சொல்லலப்பா. அதனாலதான் வயிறு எரியுது."

குழந்தைக்காகக் கையை நீட்டினான். என் பெண் போர்வையை இழுத்து அந்தக் காதை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே வக்கீலிடம் போய், என் வீட்டைப் பேத்தி பேருக்கு உயில் எழுதினேன். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் தையல்காரரையும் கூட்டிப்போனேன். சாயங்காலத்துக்குள் தையல்காரர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

சொல்லட்டும்.