ஐஸ் தண்ணீரில் ஊறிய கோஸ்

அன்று மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு எங்கள் ஓட்டலில் இருந்தது நாலே பேர். கல்லாவில் முதலாளி பாய், அடுப்படியில் மாஸ்டர், ஜன்னலோர மேசையில் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டும் தம்பி, அப்புறம் காய் நறுக்கும் நான்.

அந்தத் தம்பிக்குப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வரும். விட்டமின் குறைச்சல், பச்சைக் காய் சாப்பிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரிக்காரருக்கு வீட்டுச் சாப்பாடு ஏது? எங்கள் வாசல் போர்டில் ‘விட்டமின் நிறைந்த பச்சைக் காய்கறித் தட்டு’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு தினமும் வர ஆரம்பித்தார்.

அந்தத் தட்டுக்கான கோஸையும் குடமிளகாயையும் விடிந்ததுமே நறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டுவிடுவேன். மதியம் எடுத்தால் மொறுமொறுவென்று இருக்கும். மாஸ்டர் பழக்கிய முறை அது. நர்சிங் படிக்கிற என் மகள்தான் ஒருநாள் போனில், “நறுக்குனத ஊறப்போட்டா விட்டமின் பாதி தண்ணிக்குப் போயிடும்மா” என்று சொல்லித் தொலைத்தாள். அதிலிருந்து சாயங்காலம் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டும்போதெல்லாம் அந்தத் தம்பியின் ஈறுதான் ஞாபகத்துக்கு வரும். யாரிடம் சொல்வது? நான் எட்டாவதோடு நின்றவள். மகளின் ஃபீசுக்கு பாயிடம்தான் முன்பணம் வாங்கியிருக்கிறேன்.

“என்ன பாய், இவ்வளவு நாளாத் திங்கிறேன், ரத்தம் நின்னபாடில்ல. காய் புதுசுதானா?” என்றார் தம்பி.

“நறுக்குறவங்க நிக்கிறாங்கள்ல, கேளுங்க” என்று பாய் என்னைக் காட்டினார்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். “செத்த இருங்க தம்பி” என்று உள்ளே ஓடினேன். ஒரு கோஸை எடுத்து, நறுக்கிய பிறகு தண்ணீர் காட்டாமல் கொண்டுவந்து வைத்தேன். சந்தையிலிருந்து வந்து இரண்டு நாளான கோஸ் அது.

ஒரு வாய் மென்றதும் அவர் முகம் சுருங்கியது. “என்னக்கா, தொவண்டு கெடக்கு? பழசத் தள்ளிவிடுறீங்களா? நேத்து மாதிரி மொறுமொறுன்னு குடுங்க.”

“அதுல சத்து இருக்காது தம்பி. எல்லாம் தண்ணிக்குப் போயிடும்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது.

தம்பி சிரித்தார். “பாய், அக்கா டாக்டராயிட்டாங்க. இனிமே ஊசியும் இங்கேயே போட்டுக்கலாம்.”

மாஸ்டர் ஐஸ் தண்ணீர்க் கோஸை வைத்தார். தம்பி திருப்தியாக மென்றுவிட்டுப் போனார்.

பாய் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “நான் வேலையிலருந்து நின்னுக்கிறேன் பாய்” என்றேன்.

“தாராளமா நில்லுங்க தங்கச்சி. பாக்கிய மட்டும் வச்சிட்டுப் போங்க.”

மறுநாள் விடிந்ததும் கோஸ் நறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டேன். மதியம் தம்பி வந்தார். ரத்தம் நின்றதா என்று கேட்காமலே தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். இன்னும் பாக்கி பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.